செயற்கை நுண்ணறிவும் கல்லூரி மதிப்பீடும்: ஆறு வாரத்தில் விதிமுறை எழுத வேண்டியுள்ளது, வழி சொல்லுங்கள்

வேதியியல் துறைத்தலைவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய விதிமுறைகளை வகுப்பதற்காக எங்கள் கல்லூரியில் ஒரு குழு அமைத்து, என்னை அதற்குத் தலைவராக்கியிருக்கிறார்கள். ஆறு வாரத்திற்குள் வரைவைக் கல்விக்குழுவின் முன் வைக்க வேண்டும். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அன்று முதல் இன்று வரை எங்களிடம் எழுத்தில் இருப்பது, இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவது ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்கிற ஒற்றை வரிச் சுற்றறிக்கை மட்டுமே. அதை ஒருவரும் பின்பற்றவில்லை. அதன் நடையைப் பார்த்தால், அதையே ஒரு கருவிதான் எழுதிக் கொடுத்ததோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

ஆசிரியர்கள் மூன்று அணிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார் முழுத் தடை வேண்டும் என்கிறார்கள். மற்றொரு சாரார் தம் பாடக்குறிப்பு, வினாத்தாள் ஆகியவற்றை அக்கருவிகளைக் கொண்டே தயாரித்துவிட்டு அமைதியாக இருக்கிறார்கள். பெரும்பான்மையினரோ, யாராவது ஒரு முடிவைச் சொன்னால் சரி என்று காத்திருக்கிறார்கள். நிர்வாகத்தின் விருப்பம், கருவி எழுதியதைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது.

என் தயக்கத்திற்குக் காரணம் சென்ற பருவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. இலவசமாகக் கிடைத்த அத்தகைய மென்பொருள் ஒன்றில் ஓர் ஆசிரியர் மாணவர்களின் கட்டுரைகளை இட்டுப் பார்த்திருக்கிறார். நன்றாக எழுதக்கூடிய ஒரு மாணவியின் கட்டுரை முழுவதும் கருவி எழுதியது என்று முடிவு வந்தது. அந்தப் பெண் தான் கையால் எழுதிய மூன்று வரைவுகளைக் கொண்டுவந்து என் மேசையின் மேல் வைத்தபோது, மன்னிப்புக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அதே வாரத்தில் வேறொரு மாணவன், தான் செய்யாத ஆய்வகச் சோதனைக்கு மிக அழகான முடிவுரை எழுதிக் கொடுத்திருந்தான். அது எந்தச் சல்லடையிலும் சிக்கவில்லை.

ஆகவே என் கேள்விகள் இவை. அந்த மென்பொருளை வாங்கலாமா? வீட்டில் எழுதி வரும் ஒப்படைப்புகளுக்கு இனி எந்த அடிப்படையில் மதிப்பெண் தருவது? விருப்பமில்லாத ஆசிரியர்களை வற்புறுத்தாமல் இதற்குள் எப்படிக் கொண்டுவருவது? தங்கள் கல்லூரிகளில் செய்து பார்த்தவற்றைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

அய்யா, முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: வாங்க வேண்டாம். இது கொள்கை சார்ந்த கருத்தன்று, கணக்கு.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. கருவி எழுதிய பனுவல்களில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாக அடையாளம் கண்டது என்றும், மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைக் கருவி எழுதியதாகத் தவறாகக் காட்டியது என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. இந்த எண்களை ஒரு கல்லூரிக்குள் கொண்டுவந்து பார்ப்போம். 400 கட்டுரைகள் வருகின்றன என்றும், அவற்றில் 100 கருவி எழுதியவை என்றும் கொள்வோம். மென்பொருள் 26 பேரைச் சரியாகப் பிடிக்கும். 74 பேர் தப்பிவிடுவார்கள். தாமே எழுதிய 300 பேரில் 27 பேர் குற்றவாளிகளாகக் காட்டப்படுவார்கள். உங்கள் அறைக்கு வெளியே நிற்கும் 53 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தவறேதும் செய்யாதவர்கள். நேர்மையான மாணவர்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மோசமாகும் கணக்கு இது. துல்லியம் போதவில்லை என்று கூறி, அதே ஆண்டு சூலையில் அந்நிறுவனம் அக்கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பின்னர் வந்தவை இதைவிட மேம்பட்டவை என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். மேம்பட்டவையாகவே இருக்கட்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், பார்த்து எழுதியதைப் பிடிக்கும் டர்னிடின் மென்பொருளில் கருவி எழுத்தைக் கண்டறியும் வசதியை முடக்கியபோது காட்டிய கணக்கு எளிமையானது: 2022இல் அம்மென்பொருளில் தாங்கள் இட்டவை 75,000 கட்டுரைகள், பிழை ஒரு விழுக்காடே என்று கொண்டாலும் 750 மாணவர்கள் மீது வீண்பழி விழுந்திருக்கும்.

இதைவிட என்னைத் தைத்தது வேறொன்று. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை இட்டபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை கருவி எழுதியவை என்று முடிவு வந்தது. எளிய சொற்களை, பழகிய வாக்கிய அமைப்புகளை மீண்டும் மீண்டும் ஆள்பவர்களின் நடை, அக்கருவிகளின் அளவுகோலில் இயந்திர நடையாகத் தெரிகிறது. ஆங்கிலத்தைப் பள்ளியில் பாடமாகப் படித்து, இலக்கணப் பிழை வந்துவிடக் கூடாதே என்று எண்ணி எண்ணி எழுதும் ஒரு மாணவனுக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது. உங்கள் மேசையின் மேல் மூன்று வரைவுகளை வைத்த அந்த மாணவியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தேர்வுப் பிரிவில் பணியாற்றுபவர் எழுதியது:

அம்மையார் சொன்னதை வழிமொழிகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: ஆசிரியர் கண்ணும் இதற்கு உதவாது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், கற்பனையான 33 மாணவர்களின் பெயரில், கருவி எழுதிய விடைகளை வீட்டிலிருந்து எழுதும் இணையவழித் தேர்வுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். திருத்தியவர்களுக்கு இது தெரியாது. 2024இல் வெளியான அந்த ஆய்வின்படி, 94 விழுக்காடு விடைகள் எவருடைய ஐயத்திற்கும் உள்ளாகவில்லை. உண்மையான மாணவர்களைவிடச் சராசரியில் அவை கூடுதல் மதிப்பெண்ணும் பெற்றன. எனக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் கேட்பது: உங்களுக்குத் தெரியாமல் போனவை எத்தனை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

தடை என்பதும் நடைமுறையில் இல்லாத ஒன்று. பிரிட்டனின் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் அங்குள்ள இளநிலை மாணவர்களிடையே எடுத்த கணக்கெடுப்பில், ஏதேனும் ஒரு வகையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவோர் 2024இல் 66 விழுக்காடு. 2025இல் 92 விழுக்காடு. மதிப்பீட்டுக்கு உரிய பணிகளில் பயன்படுத்தியவர்கள் 53இலிருந்து 88ஆக உயர்ந்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் மீறும் விதி, அவர்களில் அகப்படும் ஒருவரைத் தண்டிப்பதற்கு மட்டுமே பயன்படும். அந்த ஒருவரும் பெரும்பாலும் மறைக்கத் தெரியாதவராகத்தான் இருப்பார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் குழு பல மாதிரிகளைப் படித்துவிட்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் முன்வைத்த இருதடம் என்ற முறையை எங்களுக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. முதல் தடத்தில் வருபவை கண்காணிப்புக்கு உட்பட்டவை: தேர்வறையில் எழுதுவது, வாய்மொழித் தேர்வு, ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்து காட்டுவது. மாணவர் தாமே என்ன செய்ய வல்லவர் என்று கல்லூரி கையெழுத்திட்டுச் சான்று தருவது இந்தத் தடத்தின் பலத்தில்தான். இரண்டாவது தடம் திறந்தது. அதில் கருவியைப் பயன்படுத்தலாம். எப்படிப் பயன்படுத்துவது என்பதையே கற்றுக்கொடுக்கலாம். அங்கு பெறுவது பயிற்சி.

இம்முறையில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு ஒப்படைப்பையும் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று இது சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கல்லூரி முழுவதும் தேர்வறையாகிவிடும். மூன்று ஆண்டுப் படிப்பை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டு, இந்தப் பட்டத்தைப் பெற்றவர் கருவியின் துணையின்றிக் கட்டாயம் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்று துறை முதலில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அவற்றை மட்டும் படிப்பின் எந்தெந்தக் கட்டத்தில் முதல் தடத்தில் சோதிப்பது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் துறைகளில் இந்தப் பட்டியலை எழுதச் சொன்னபோதுதான் உண்மையான வாக்குவாதம் தொடங்கியது. ஒரு துறைக்கு ஏழு திறன்கள் போதுமாக இருந்தன. வேறொரு துறை நாற்பத்தொன்று எழுதிக் கொண்டுவந்தது. பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்காமல் தங்கியிருந்தவை அந்த நாற்பத்தொன்றில் எத்தனை என்று பார்த்தபோது, இந்தச் சிக்கலுக்குச் செயற்கை நுண்ணறிவு மட்டும் காரணமில்லை என்பது புரிந்தது.

இடைப்பட்ட ஏற்பாடு ஒன்று பல கல்லூரிகளில் உள்ளது. இந்த ஒப்படைப்பில் கருவியை இவ்வளவு பயன்படுத்தலாம், இதற்கு மேல் கூடாது என்று படிநிலைகளாக வகுப்பது. மாணவர்களோடு பேசுவதற்கு அது நல்ல வழி. விதியாக வைத்தால் செல்லாது. மாணவர் கருத்துகளைத் திரட்ட மட்டும் பயன்படுத்தினாரா, வாக்கியங்களையும் எழுதச் செய்தாரா என்பதை வீட்டுக்குள் போய்ப் பார்ப்பவர் யார்? சரிபார்க்க இயலாத நிபந்தனையை விதித்தால், அதை மதிப்பவருக்குத்தான் இழப்பு.

வேதியியல் துறைத்தலைவர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நாற்பத்தொன்று என்பதைப் படித்துச் சிரித்தேன். எங்கள் துறையும் அப்படித்தான் எழுதும்.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு இடிக்கிறது. ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். ஒருவருக்கு ஏழு நிமிடம் வாய்மொழித் தேர்வு என்றால் 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு இத்தகைய வகுப்புகள் நான்கு. ஒரே ஒரு சுற்று முடிக்க 28 மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

மொழித்துறை ஆசிரியை எழுதியது:

அய்யா, அந்த 28 மணி நேரத்தில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. நான் மூன்று பருவங்களாகச் செய்துவருவதைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் எழுத்துப் பணி நான்கு கட்டங்களாக வருகிறது. முதலில் அரைப் பக்கத்தில், எதைப் பற்றி எழுதப்போகிறேன், ஏன் என்று வகுப்பிலேயே கையால் எழுதித் தருவார்கள். பிறகு ஒரு வரைவு, அதன்மேல் சக மாணவர் ஒருவரின் குறிப்பு, அதன் பிறகு திருத்திய வடிவம். இறுதி வடிவத்திற்கு நான் தரும் மதிப்பெண் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வகுப்பில் எழுதிய அரைப் பக்கம் என் கையில் இருப்பதால், ஒருவருடைய சிந்தனை எங்கிருந்து எங்குச் சென்றது என்பதைப் பார்க்க முடிகிறது. கருவியிடம் கேட்டு எழுதியிருந்தாலும், கேட்டது என்ன, அது சொன்னதில் எதைத் தள்ளினார், ஏன் தள்ளினார் என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறேன். அந்தப் பத்தியையும் கருவியைக் கொண்டே எழுதலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். எழுதலாம்தான், எழுதியவர்களை வாய்மொழிக் கேள்வியில் சந்திப்பேன்.

அந்த வாய்மொழிக் கேள்விக்கு நான் குலுக்கல் முறையைப் பின்பற்றுகிறேன். ஒவ்வொரு ஒப்படைப்புக்குப் பிறகும் 60 பேரில் 15 பேரின் எண்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்கு ஒப்படைப்புகள் முடிவதற்குள் எல்லோரும் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்பதால், இதுவரை வராதவர்களின் சீட்டுகள் ஒரு டப்பாவிலும் வந்தவர்களுடையவை மற்றொன்றிலும் இருக்கும். வந்தவர்கள் டப்பாவிலிருந்தும் இரண்டு எடுப்பேன், இல்லையென்றால் ஒருமுறை வந்தவர் அதன் பிறகு ஓய்வெடுத்துக்கொள்வார். ஒரு வாரத்தில் இதற்கு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகிறது. கேள்விகளும் கடினமானவை அல்ல. உங்கள் மூன்றாவது பத்தியை நீக்கினால் கட்டுரைக்கு என்ன இழப்பு? இந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறென்ன எழுத நினைத்தீர்கள்? எழுதியவருக்கு இவற்றுக்கு விடை சொல்ல அரை நிமிடம் போதும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களும் பேச்சில் திக்கல் உள்ளவர்களும் இம்முறையில் தொடக்கத்தில் தடுமாறினார்கள். நன்றாக எழுதும் ஒரு மாணவன் என் முன் அமர்ந்து ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போனான். அவனை நான் ஐயப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. மறுநாள் அதே கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, என் முன்னிலையில் எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினான். அதிலிருந்து, வாயால் சொல்வதா கையால் எழுதுவதா என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்று மாற்றிவிட்டேன். உங்கள் விதிமுறையில் இந்த மாற்று வழியை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

நூலகர் எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் சுருக்கமாக ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் எங்கள் நூலகத்திற்கு ஒரு புதிய வகைக் கோரிக்கை வரத் தொடங்கியது. ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி எண், பக்க எண் அனைத்தையும் கொண்டுவந்து, இது எங்கும் கிடைக்கவில்லை, வரவழைத்துத் தாருங்கள் என்பார். ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது, அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் வேறொரு கட்டுரை இருக்கும். கேட்ட கட்டுரையை உலகில் எவரும் எழுதியதே இல்லை. அந்த விவரங்களைத் தந்தது செயற்கை நுண்ணறிவுக் கருவி; இக்கருவிகள் அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்து எழுதுகின்றன. மேற்கோள் பட்டியலின் தோற்றத்தை அவை அச்சு அசலாக உருவாக்கிவிடும். இணையத்தில் தேடிப் பார்க்கும் வசதி சேர்ந்த பிறகு இது குறைந்திருக்கிறது என்றாலும், இருக்கும் கட்டுரையைக் காட்டி அதில் இல்லாத முடிவைச் சொல்வது தொடர்கிறது. அதைக் கண்டுபிடிப்பது முன்னதைவிடக் கடினம்.

உங்கள் விதிமுறையில் ஒரு வரி சேருங்கள்: மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும், தாம் பயன்படுத்திய பத்தியின் படியை மாணவர் பின்னிணைப்பாகத் தர வேண்டும். திருத்துபவர் பத்தில் இரண்டைப் பார்த்தால் போதும். முதலாண்டு மாணவர்களுக்கு இதை ஒரு வகுப்பாக நடத்த நூலகர்களை அழையுங்கள். பல கல்லூரிகளில் எங்களைக் கூப்பிடுவதே இல்லை.

உதவிப் பேராசிரியர் ஒருவர் எழுதியது:

பெரியவர்கள் அனைவரும் ஒரே திசையில் பேசுவதால் மாற்றுக் கருத்தைச் சொல்லத் துணிகிறேன். பொறுத்தருள வேண்டும்.

இரண்டாவது தடத்தில் கருவி திறந்திருக்கட்டும், அங்கு பெறுவது பயிற்சி என்று தேர்வுப் பிரிவு அய்யா எழுதியிருக்கிறார். அங்கு உண்மையில் பயிற்சி நடக்கிறதா என்பதே என் கேள்வி. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியின் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். சாட்ஜிபிடி போன்ற சாதாரணக் கருவியைப் பெற்றவர்கள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 விழுக்காடு சிறப்பாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதை ஒருபோதும் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்புகளை மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த மற்றொரு கருவியைப் பெற்றவர்கள் பயிற்சியில் 127 விழுக்காடு மேலே சென்றார்கள்; தேர்வில் அவர்களுக்குச் சரிவு ஏற்படவில்லை.

இது பள்ளியில் நடந்தது, கல்லூரிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆயினும் என் வகுப்பில் நான் காண்பது இதுதான். நிரல் எழுதும் பாடம் கற்பிக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் கொண்டுவரும் நிரல்கள் பிழையின்றி ஓடுகின்றன. ஒரு வரியை மாற்றிவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்டால் திரையைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். கற்றுக்கொண்டதாகவே நம்புகிறார்கள், அதுதான் வேதனை. ஆகையால் முதலாண்டில் அடிப்படைப் பாடங்களில் கருவியை ஒதுக்கி வைப்பதற்கு இடம் தாருங்கள். வீட்டில் தடுக்க முடியாது என்பது உண்மை. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியைச் செய்முறைக்கு ஒதுக்கி, விரிவுரையை வீட்டில் பார்த்து வரச் சொல்ல முடியுமே. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தில் 2023 முதல், விடையை நேராகச் சொல்லாமல் மாணவரை வழிநடத்தும் வாத்து என்ற துணைக் கருவியை வைத்திருக்கிறார்கள். அத்தகைய ஒன்றை அமைப்பது இப்போது பெரிய வேலையும் அன்று.

மற்றொன்று, சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. மாணவர்களின் விடைத்தாள்களைக் கருவியில் இட்டு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கருவி எழுதியதைக் கருவியே திருத்தினால், நடுவில் மாணவரும் ஆசிரியரும் எதற்கு என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நான் விடை சொல்லவில்லை. மாணவர்களுக்கு விதி எழுதும் குழு, முதல் பக்கத்தில் ஆசிரியர்களுக்கான விதியை எழுதட்டும்.

ஓய்வுபெற்ற முதல்வர் எழுதியது:

தம்பி கடைசியாகச் சொன்னதை மிகவும் வரவேற்கிறேன். துறைத்தலைவரின் மூன்றாவது கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. நான் நிர்வாகத்தில் இருந்தவன் என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரியர்கள் மாற மறுக்கிறார்கள் என்று எல்லா நிர்வாகங்களும் சொல்கின்றன. நானும் சொல்லியிருக்கிறேன். பின்னர் ஒருமுறை ஒரு மூத்த பேராசிரியரை அறைக்கு அழைத்துப் பேசியபோது அவர், வினாக்களை மாற்றி எழுதச் சொல்கிறீர்கள், வாய்மொழித் தேர்வு வைக்கச் சொல்கிறீர்கள், பயிற்சிக்கு வரச் சொல்கிறீர்கள், இவற்றுக்காக என் தட்டிலிருந்து எதை எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் எடுத்தது எதுவும் இல்லை. அவருக்கு வாரம் பதினாறு பாடவேளை. அதற்கு மேல் மூன்று குழுக்கள். அன்று முதல் நான் பின்பற்றியது: மதிப்பீட்டை மாற்றி எழுத ஒப்புக்கொள்ளும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் இரண்டு பாடவேளை குறைப்பு, ஒரு குழுவிலிருந்து விடுவிப்பு. இரண்டு பேர்தான் முதலில் முன்வந்தார்கள். அவர்களுடைய வினாக்களை மற்ற துறையினர் கேட்டு வாங்கிப் போனார்கள். உரை நிகழ்த்த வெளியிலிருந்து வல்லுநரை அழைத்த நாளில் அரங்கம் நிறைந்தது உண்மைதான். அடுத்த வாரம் எந்த வினாத்தாளும் மாறவில்லை. துறைத்தலைவர் அவர்களே, அந்த மென்பொருளுக்கு ஒதுக்க நினைத்திருக்கும் தொகையைக் கொண்டு எத்தனை பாடவேளைகளுக்கு மாற்று ஆசிரியரை நியமிக்கலாம் என்று ஒரு தாளில் கணக்கிட்டு நிர்வாகத்தின் முன் வையுங்கள். எங்கள் கல்லூரியில் அந்த ஒரு தாள்தான் பேச்சைத் திருப்பியது.

தரவைப் பற்றி இவ்விழையில் எவரும் பேசவில்லை. மாணவர் பெயருள்ள விடைத்தாளை ஓர் இலவசக் கருவியில் இடும்போது, அது கல்லூரிக்கு வெளியே எங்கோ சேமிக்கப்படுகிறது. அமைப்பைப் பொறுத்து, அக்கருவியின் அடுத்த பதிப்பைப் பயிற்றவும் பயன்படலாம். மாணவர் அதற்கு ஒப்புதல் தரவில்லை. கல்லூரி ஒப்பந்தம் செய்துகொண்ட கருவியைத் தவிர வேறெதிலும் மாணவர் தகவல்களை இடக் கூடாது என்ற விதி, ஆசிரியர்களுக்கான முதல் விதியாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணை முடிவு செய்பவர் மனிதராக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மாணவர் சேர்க்கையை முடிவு செய்வது, கற்றலை மதிப்பிடுவது, தேர்வில் முறைகேட்டைக் கண்காணிப்பது ஆகியவற்றுக்கான அமைப்புகளை உயர் இடர் வகையில் சேர்த்திருக்கிறது. கல்வி நிறுவனங்களில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு அன்றி, 2025 பிப்ரவரி முதல் அச்சட்டம் தடை செய்துவிட்டது. அச்சட்டம் செல்லாத நாடுகளில் இருப்பவர்களும், வாங்கச் சொல்லி வரும் விற்பனையாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆறு வாரத்தில் முழு விதிமுறை எழுத முயலாதீர்கள். பிந்திவிட்டோம் என்ற அச்சமும் வேண்டாம். 2023இல் யுனெஸ்கோ 450க்கும் மேற்பட்ட பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் கேட்டபோது, விதிமுறையோ முறையான வழிகாட்டுதலோ வைத்திருந்தவை பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு பக்கம் எழுதுங்கள். ஐயத்தின் பேரில் மட்டும், மென்பொருள் காட்டியது என்பதற்காக மட்டும், எந்த மாணவர் மீதும் நடவடிக்கை இல்லை என்று எழுதுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் தம் தாளுக்கு எது திறந்தது, எது மூடியது என்று பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மறுபரிசீலனை நாளையும் குறித்துவிடுங்கள். இந்தக் கருவிகள் மாறும் வேகத்தில் ஓராண்டு என்பதே நீண்ட காலம். குழுவில் இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் மாணவர்களைச் சேர்க்க நான் தயங்கினேன்; சேர்த்த பிறகு முதல் கூட்டத்திலேயே, எங்கள் எந்த வினாவைக் கருவி எத்தனை நொடியில் முடிக்கும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். ஆசிரியர்களில் பலர் அதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

வேதியியல் துறைத்தலைவர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல்வர் அய்யா சொன்ன அந்த ஒரு தாளை இன்று மாலையே தயாரித்துவிட்டேன். எண்களைப் பார்த்த எங்கள் நிதி அலுவலர் ஒன்றும் சொல்லாமல் ஒரு படி வாங்கிக்கொண்டு போனார். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியவில்லை.

கருவியை எந்த ஆண்டிலிருந்து திறப்பது என்பதில் உதவிப் பேராசிரியரின் பக்கம் சாய்கிறேன். எங்கள் முதலாண்டு ஆய்வகத்தில் தொடங்க நினைக்கிறேன். இதுவரை, கரைசலின் செறிவை அளக்கும் தரம்பார்த்தல் சோதனைக்கு நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவுரை என்று பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போட்டு வந்தோம். அத்தனையும் இப்போது கருவி எழுதக்கூடியவை. உள்ளபடி சொன்னால், முன்பும் மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதியவைதாம். அதை நீக்கிவிட்டு, ஒரே ஒரு வினாவை வைக்கலாம் என்று எண்ணுகிறேன்: கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாயில் நீங்கள் எடுத்த அளவீடுகளில் எதை ஒதுக்கினீர்கள், அது மற்றவற்றிலிருந்து விலகியதற்கு நீங்கள் செய்த எது காரணமாக இருக்கும்? தன் கையால் செய்யாதவரால் இதற்கு விடை எழுத முடியாது என்று நினைக்கிறேன். சரிதானா?

புள்ளியியல் ஆசிரியை எழுதியது:

வினா நன்று, அய்யா. ஆனால் வீட்டுக்குப் போய் எழுதி வரச் சொன்னால் இதற்கும் கருவி விடை சொல்லும்: நிறங்காட்டியான பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பைத் தாண்டி ஒரு துளி அதிகமாக விட்டுவிட்டேன் என்று எழுதித் தரும், படிப்பவர் நம்பும்படியாகவும் இருக்கும். ஆய்வகத்தை விட்டு வெளியேறும் முன், அளவீட்டுத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எல்லா அளவீடுகளும் 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போய்விட்டவர்களுக்கு என்ன வினா கேட்பது என்பதையும் யோசித்து வையுங்கள்; முதலாண்டில் அப்படி ஒத்துப்போகும் தாள்களைத்தான் நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.